நூல் பெட்டியை அடுக்க: முதலில் ரகம், அப்புறம் நிறம்

வீட்டிலுள்ள பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தால் பிஸ்கட்டா இருக்கும்? நூல்தான் இருக்கும். அதோடு ஊசி, பட்டன், கொக்கி, சாக்பீஸ் துண்டும் கிடக்கும். அத்தனையையும் பழைய வேட்டி ஒன்றை விரித்து அதில் கொட்டுங்கள்.

பலரும் உடனே சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிக்க ஆரம்பிப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகாது. ஒரே சிவப்பில் காட்டன் நூலும் ஆரி வேலைக்கான சில்க் த்ரெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், அவசரத்தில் சில்க் த்ரெட் மெஷினில் ஏறிவிடும். கடையில் சில்க் த்ரெட் என்று விற்பது பெரும்பாலும் ரேயான். பளபளப்புக்கு வந்த நூல் அது, இழுவைக்கு நிற்காது. அதில் அக்குள் தையல் போட்ட பிளவுஸ் கையைத் தூக்கினால் பிரியும். அதனால் முதலில் ரகம் பிரியுங்கள்: மெஷின் நூல், ஆறு இழை எம்பிராய்டரி நூல், சில்க் த்ரெட், ஜரிகை. நிறம் பார்ப்பது ஒவ்வொரு ரகத்துக்குள்ளும்தான்.

எது காட்டன், எது பாலியெஸ்டர் என்று தெரியவில்லையா? 5 செ.மீ. வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டுக்கு மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கி, நுனியில் கெட்டியான மணியாகும். நிஜப் பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும்.

பழைய நூலைச் சேர்த்து வைக்கும் முன் ஒரு சோதனை. ஒரு முழம் இழுத்து, இரு கையிலும் சுற்றிப் பிடித்து, வெடுக்கென்று இழுங்கள். கையை அறுத்துவிட்டு 'டப்'பென்று அறுந்தால் நல்ல நூல். சத்தமே இல்லாமல் பஞ்சாகப் பிரிந்து வந்தால் இற்றுப்போனது. மேல் சுற்று மட்டும் வெயில் பட்டு இற்றிருக்கலாம் என்பதால், சில மீட்டர் கழித்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் தூக்கிப் போடுங்கள், பட்டன் தைக்கக்கூட உதவாது.

அதிகம் சிக்கு விழுவது ஆங்கர், டிஎம்சி போன்ற ஆறு இழை நூலில். ஒரு கட்டு 8 மீட்டர். வாங்கிய அன்றே அட்டையில் சுற்றிவிடுவது நல்லது. அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம், பழைய கல்யாணப் பத்திரிகை போதும். மினுமினுப்போ தங்க அச்சோ இல்லாத பகுதியை 4 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள், அச்சு நூலில் ஒட்டும். ஓர் ஓரத்தில் நூல் நுனியைச் செருக ஒரு சின்ன வெட்டு. மேல் மூலையில் கம்பெனிப் பெயரின் முதல் எழுத்தும் எண்ணும் எழுதுங்கள். எண் மட்டும் போதாது: டிஎம்சியில் கறுப்பு 310, ஆங்கரில் கறுப்பு 403. காகித வளையத்தைக் கழற்றி, கட்டை வளையமாக விரித்து, இரண்டு முழங்காலிலும் மாட்டிக்கொண்டு நுனியைத் தேடிச் சுற்றுங்கள். சுமார் 100 சுற்று வரும். இறுக்கக் கூடாது. இறுக்கினால் அட்டை வளையும், நூலில் மடிப்புத் தடம் விழுந்து தையல் சீராக உட்காராது.

ஆறில் இரண்டு இழை பிரித்துத் தைத்தால் நான்கு மிஞ்சும். அதைத் தனி அட்டையில் சுற்றி, இழை எண்ணிக்கையையும் எழுதிவையுங்கள்.

சில்க் த்ரெட் வழுக்கும். கண்டிலிருந்து சரிந்து அடியில் போய்ச் சிக்கிக்கொள்ளும். செல்லோடேப் ஒட்டாதீர்கள்: பசை நூலில் ஏறி, தூசி பிடித்து, ஊசிக்கும் வரும். மெல்லிய பாலிதீன் கவரை 2 செ.மீ. பட்டையாக வெட்டி, இரண்டு சுற்று சுற்றி, நுனியைச் செருகினால் போதும். பெரிய கோனுக்கு ஆப்பிளைச் சுற்றி வரும் வெள்ளை நுரை வலை அளவெடுத்த மாதிரி பொருந்தும். கோனை எப்போதும் நிற்க வையுங்கள்.

ஜரிகைக்கு ரப்பர் பேண்ட் ஆகவே ஆகாது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளி, செம்புப் பூச்சைக் கறுக்க வைக்கும். அந்துருண்டையும் கிட்டே வேண்டாம். துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, தனி டப்பாவில் போடுங்கள்.

மெஷினில் அடிநூலுக்காகச் சுற்றிய பாபினை (சின்ன உருளை) அதே நூல்கண்டின் மேல் வைத்து, இரண்டின் துளை வழியாகவும் ஒரு ஸ்ட்ராவைச் செருகிவிட்டால் ஜோடி பிரியாது.

டப்பா மூடி இறுக்கமானதாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கட்டும். சுவரில் ஆணியடித்து வரிசையாக மாட்டுவது போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் தூசி நூலோடு மெஷினுக்குள் போகும், வெயிலில் ஒரு பக்கம் வெளுக்கும். பரணில் சூடு, சமையலறைப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. பீரோவின் நடுத்தட்டு சரியான இடம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போடுங்கள். ஈரத்தில் காட்டன் பூஞ்சை பிடிக்கும், சாயம் போகும் சிவப்பு பக்கத்து வெள்ளையில் ஏறும். ஊசியும் குண்டூசியும் நூலோடு வேண்டாம், துருக்கறை லேசில் போகாது.

கடைசியாக ஒரு அட்டையில் ஓரமாகத் துளையிட்டு, இருக்கிற ஒவ்வொரு நிறத்திலும் ஒரு விரல் நீளம் கட்டி, எண் எழுதுங்கள். மேட்சிங் சென்டருக்குப் போகும்போது பெட்டி வேண்டாம், இந்த அட்டை போதும், வீட்டில் இருப்பதையே திரும்ப வாங்க மாட்டீர்கள். கடைக்குள் ட்யூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து, ஓர் இழையைத் துணிமேல் போட்டுப் பாருங்கள். கண்டில் தெரிவதைவிட ஓர் இழை வெளிறித் தெரியும். சரியான நிறம் கிடைக்கவில்லை என்றால் கொஞ்சம் அடர்த்தியானதை எடுங்கள்.