முட்டிவலி என்று முடித்துவிடாதீர்கள்: முதியோர் நடையில் நாம் தவறவிடுவது

பெரியம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. காபி டம்ளரோடு அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்துகொண்டிருப்பார். நடுவில் யாராவது "பால்காரருக்குக் கணக்கு முடிச்சாச்சா?" என்று கேட்டால் அப்படியே நின்றுவிடுவார். யோசித்து, பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. நின்று நிதானமாகப் பேசுவது அவர் சுபாவம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சில மாதம் கழித்துக் குளியலறை வாசலில் விழுந்தபோதும் ஈரத் தரையைத்தான் திட்டினோம்.

இந்த நிற்பதைப் பற்றி ஸ்வீடனின் ஊமியோ நகர ஆராய்ச்சியாளர்கள் 1997இலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதியோர் குடியிருப்பில் இருந்த 58 பேரோடு நடந்தபடியே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நின்றார்கள். அந்த 12 பேரில் 10 பேர் அடுத்த ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது விழுந்தார்கள். நிற்காதவர்களிலும் விழுந்தவர்கள் உண்டு, அதனால் இதை ஜோசியம்போல எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் கருவி எதுவும் இல்லாத ஒரு சோதனை இவ்வளவு சொன்னது பெரிய விஷயம்தான்.

காரணம் எளிது. நமக்கு நடப்பது தானாக நடக்கிற காரியம். வயதாக ஆக, பார்வை மங்கி, பாதத்தின் உணர்வு குறைந்து, சமநிலை தளரும்போது, அந்தக் குறையை மூளை கவனத்தைக் கொண்டு ஈடுகட்டுகிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கவனம் செலவாகிறது. அந்த நேரத்தில் பால்காரர் கணக்கும் வந்து சேர்ந்தால் இரண்டுக்கும் கையிருப்பு போதாது. ஒன்றை நிறுத்தத்தான் வேண்டும். பேச்சை நிறுத்தாமல் நடையையும் நிறுத்தாமல் இருப்பவர் சில சமயம் இடறுகிறார்.

ஆக, நாம் செய்யும் முதல் தவறு நடையைக் காலின் கணக்கில் மட்டும் எழுதுவது. "வயசாச்சு, முட்டி தேஞ்சுபோச்சு" என்று சொல்லித் தைலம் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். முட்டி தேய்மானம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் நடை மெதுவாவதும், "பேர் எல்லாம் மறந்துபோகுது" என்று அவரே குறைப்பட்டுக்கொள்வதும் சேர்ந்து வந்தால், அது தனியாகக் கவனிக்க வேண்டிய சேர்க்கை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் இருந்த நரம்பியல் மருத்துவர் ஜோ வர்கீஸும் அவருடைய குழுவினரும் 2013இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் 'நடை-மறதி அபாய நிலை' என்று சொல்லலாம். அடுத்த ஆண்டு 17 நாடுகளில் 26,802 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்தபோது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது இருந்தது. கேரளத்தில் கோழிக்கோட்டு முதியோரும் அந்தக் கணக்கில் உண்டு. தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், இந்த நிலை இருந்தவர்களுக்கு நினைவும் சிந்தனையும் குறையும் அபாயம் மற்றவர்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு. இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், ஒரு கேள்வியும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் போதும் என்பதால்தான் இது எனக்குப் பிடிக்கிறது.

இதைப் படித்ததும் அப்பாவை உட்காரவைத்து "உங்களுக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வரப்போகுது" என்று சொல்வது அடுத்த தவறு. அபாயம் கூடியிருக்கிறது என்பதுதான் செய்தி, நோய் வந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. செய்ய வேண்டியது காரணத்தைத் தேடுவது, ஏனென்றால் சில காரணங்களைச் சரிசெய்ய முடியும். பாதம் தரையில் காந்தம்போல ஒட்டிக்கொண்டு குட்டிக்குட்டி அடியாக நடப்பது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, மறதி. இந்த மூன்றும் சேர்ந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம். கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீம் விவரித்து 1965இல் மருத்துவ இதழ்களுக்கு வந்த நிலை இது. நீரை மெல்லிய குழாய் வழியே வயிற்றுக்குத் திருப்பிவிட்டால், பொருத்தமான நோயாளிகளில் பலருக்கு நடை தேறுகிறது. வைட்டமின் பி12 குறைபாடு, தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாமே நடையையும் நினைவையும் ஒருசேரக் குழப்பக்கூடியவை. பெரியம்மா விஷயத்தில் மருந்துச் சீட்டுகளை எல்லாம் ஒரே மருத்துவரிடம் காட்டியபோது இரண்டு மாத்திரைகள் குறைந்தன.

விழுந்த அன்று "ஒண்ணுமில்லை" என்று எழுந்தவர் மூன்று வாரம் கழித்துத் தள்ளாடினாலோ, தலைவலி, மந்தம் என்று சொன்னாலோ காத்திருக்காதீர்கள். மண்டையோட்டுக்குள் ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்திருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் விழுந்த அன்றைக்கே காட்டிவிடுவது நல்லது.

இனி ஆராய்ச்சிச் செய்திகளைப் படிப்பதில் வரும் தவறு. "தினமும் நடந்தால் மறதி நோய் வராது" என்று வாட்ஸ்அப்பில் வரும் வரிக்குப் பின்னால் பெரும்பாலும் உண்மையான ஆய்வு ஒன்று இருக்கும். 2011இல் அமெரிக்காவில் 120 முதியோரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வரை நடந்தது, மற்றொன்று உடலை நீட்டி மடக்கும் பயிற்சி செய்தது. ஓராண்டு கழித்து, நடந்தவர்களுக்கு நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது, மற்றவர்களுக்குக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரில் ஒரு குழுவுக்கு இரண்டு ஆண்டு உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். நினைவுத் திறனிலும் சிந்தனைத் திறனிலும் வெறும் ஆரோக்கிய வகுப்புக்குப் போனவர்களைவிட அவர்கள் மேலாக வரவில்லை. நடக்கும் திறனை இழக்காமல் இருப்பதில் மட்டும் பயிற்சி தெளிவாக உதவியது.

இன்னும் சிக்கலானது லண்டன் அரசு ஊழியர்களை 1985 முதல் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு. டிமென்ஷியா வந்தவர்களின் நடமாட்டம், நோய் கண்டறியப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகள் வரை முன்னாலேயே குறையத் தொடங்கியிருந்தது என்று 2017இல் சொன்னார்கள். அப்படியென்றால் நடக்காததால் நோய் வந்ததா, நோய் உள்ளே தொடங்கிவிட்டதால் நடை குறைந்ததா? பிந்தையது பலருக்குப் பொருந்தும். தன் கணவர் சோம்பேறித்தனமாக உட்கார்ந்ததால்தான் மறதி வந்தது என்று குற்றம் சொல்லும் மனைவிகளுக்கு, அல்லது "நான் அம்மாவை நடக்கவைக்கலையே" என்று தன்னையே நொந்துகொள்ளும் மகள்களுக்கு இந்த ஒரு ஆய்வையாவது காட்ட வேண்டும் என்று தோன்றும்.

பத்தாயிரம் அடி? 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. 2022இல் பிரிட்டனில் 78,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில், தினம் சுமார் 3,800 அடி நடந்தவர்களிடமே டிமென்ஷியா அபாயம் கால் பங்கு குறைவாகத் தெரிந்தது. இதற்கும் மேலே சொன்ன 'எது முதலில்' என்ற சந்தேகம் பொருந்தும். ஆனால் எழுபது வயது முட்டியை எண்ணுக்காக வதைக்க வேண்டியதில்லை.

பாசத்தில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒரு முறை விழுந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் முதல் ரிமோட் வரை கையில் கொண்டுவந்து கொடுப்போம். அவருக்கும் பயம், நமக்கும் பயம். சில மாதத்தில் தொடைச் சதை கரைந்து, எழுந்து நிற்கவே ஆள் வேண்டியிருக்கும். அடுத்த விழுகையைத் தவிர்க்க வெறும் நடைப்பயிற்சியைவிட, சமநிலைக்கும் கால் வலுவுக்குமான பயிற்சிக்குத்தான் ஆதாரம் அதிகம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரோரம் ஒரு பாதத்துக்கு முன் மற்றொரு பாதம் வைத்து நிற்பது போன்றவை. முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, பக்கத்தில் ஆள் இருக்கும்போது செய்யட்டும்.

வீட்டில் அளந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கூடத்தில் நான்கு மீட்டர் தூரத்துக்கு இரண்டு கோடு போடுங்கள். கோட்டுக்கு ஓரடி முன்னாலிருந்தே நடக்கத் தொடங்கட்டும், முடிவுக் கோட்டையும் தாண்டிப் போகட்டும். நான்கு மீட்டருக்கு ஐந்து நொடி ஆனால் வேகம் நொடிக்கு 0.8 மீட்டர். ஆனால் ஒரு நாள் எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள், அண்டை வீட்டுத் தாத்தாவோடும் ஒப்பிடாதீர்கள். அவருடைய போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள். தேதி போட்டுக் காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டுபோங்கள். அப்புறம், நடக்கும்போது "வேகமா, வேகமா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் வழக்கமாக நடக்கும் வேகம்தான் நமக்கு வேண்டும்.