பட்டறையில் பெராந்திஸ் (தொழில் பயிலுநர்) சேர்ப்பது எப்படி? முதலாளிக்கும் சேரப்போகும் பிள்ளைக்கும்

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வரும் வாரத்தில் மலேசியாவில் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் இரண்டு பேச்சுதான் காதில் விழும். "பையனை எங்கே சேர்க்கலாம்?" என்று வீட்டில் கேட்பார்கள். "வேலை தெரிந்த ஆளே கிடைப்பதில்லை" என்று பட்டறைகளில் புலம்புவார்கள். இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஒரு வழி இருக்கிறது: எஸ்எல்டிஎன். லோரி, தோட்டத்து டிராக்டர் பார்க்கும் டீசல் பட்டறை என்னுடையது. இந்த வழியில் பிள்ளைகளைச் சேர்த்து முடித்திருக்கிறேன் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன். கம்பெனிப் பதிவு, பெர்கெசோ (சொக்சோ என்கிற தொழிலாளர் விபத்துக் காப்புறுதி) எண், இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எண் எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

முதலில் இது என்ன

சிஸ்தம் லாத்திஹான் டுவல் நேஷனல், அதாவது தேசிய இரட்டைப் பயிற்சி முறை, என்பது முழுப்பெயர். ஜெர்மானிய முறையைப் பார்த்து 2005இல் தொடங்கியது. மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை, அதாவது ஜேபிகே, இதை நடத்துகிறது. பயிற்சியில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நடக்கும், மீதி பயிற்சி மையத்தில். முடிவில் கிடைப்பது எஸ்கேஎம், அதாவது மலேசியத் திறன் சான்றிதழ். பயிலும் காலத்தில் முதலாளி அலவன்ஸ் கொடுப்பார்.

ஆக, பெராந்திஸ் என்பவர் மலிவுக் கூலியாளும் இல்லை, கட்டணம் கட்டிப் படிக்கிற மாணவரும் இல்லை. இதை முதலாளியும் பெற்றோரும் முதல் நாளே புரிந்துகொண்டால் பாதிச் சண்டை வராது.

படி 1: பயிற்சி மையம்

ஜேபிகேயின் மைஸ்பைக் இணையத்தளத்தில் அங்கீகாரம் பெற்ற மையங்களின் பட்டியல் இருக்கிறது. நமக்குப் பக்கம் ஈப்போதான். மையத்துக்குப் போன் போட்டு, உங்கள் துறைக்கும் நீங்கள் விரும்பும் எஸ்கேஎம் நிலைக்கும் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லா கோர்ஸும் இருக்கு ஐயா" என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள்.

வகுப்பு இரண்டு விதமாக நடக்கும். வாரத்தில் ஓரிரு நாள் மையத்துக்குப் போவது ஒன்று. சில வாரங்கள் தொடர்ந்து மையத்தில் இருந்துவிட்டு வருவது இன்னொன்று. தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் கருத்து. லயத்திலிருந்து வெளிச்சாலைக்கு வருவதற்கே ஒரு மோட்டார் வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வாரமும் விடியற்காலையில் ஈப்போவுக்கு ஓடினால், மூன்றாவது மாதத்தில் பிள்ளை சலித்துப்போகும். முதல் முறையைத்தான் மையம் தருகிறது என்றால், பி2 (மோட்டார் சைக்கிள்) லைசன்ஸ் இருக்கிறதா என்று சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: நோஸையும் உங்கள் பட்டறையையும் பொருத்துவது

எல்லாரும் திணறுகிற இடம் இது. நானும் இங்கேதான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நோஸ் என்பது தேசியத் தொழில் திறன் தரநிலை. ஒரு தொழிலில் ஒருவர் என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று அலகு அலகாகப் பிரித்து எழுதியிருப்பார்கள். நம் பட்டறையோ வாடிக்கையாளர் கொண்டுவரும் வேலையைத்தான் செய்யும். எனக்கு வருவது பெரும்பாலும் கிளட்ச், பிரேக், டீசல் நோசில், ஹைட்ராலிக் ஹோஸ். பெட்ரோல் கார் வருவதே அபூர்வம். வராத வேலையைப் பிள்ளை எங்கே கற்றுக்கொள்ளும்?

ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நோஸில் உள்ள அலகுகள். இரண்டாவதில், அந்த வேலை உங்கள் பட்டறைக்கு மாதத்தில் எத்தனை முறை வருகிறது என்ற உண்மையான கணக்கு. மூன்றாவதில், வராத அலகை யார் சொல்லிக்கொடுப்பது: மையமா, பக்கத்துப் பட்டறையா? இந்தத் தாளோடு மையத்துக்குப் போய்ப் பேசுங்கள். நான் ஏர்கோன் வேலையை மையத்திடம் விட்டேன். மூன்றாவது பத்தியில் பாதிக்கு மேல் நிரம்பினால் அந்தத் துறை உங்களுக்குச் சரிப்படாது, வேறு நோஸ் தேடுங்கள்.

பட்டறையில் சொல்லிக்கொடுக்கும் ஆளின் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். தவுக்கே (முதலாளி) தன் பெயரையே எழுதிவிட்டு நாள் முழுக்க சாமான் வாங்க அலைந்தால், பிள்ளைக்கு டயர் கழுவும் வேலைதான் மிஞ்சும்.

படி 3: ஒப்பந்தம்

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி பயிலுநர் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி காலம் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 24 மாதம். "மூணு வருஷம் இருந்து கத்துக்கோ தம்பி" என்கிற பழைய பட்டறைக் கணக்கு இதில் எடுபடாது.

கையெழுத்துக்கு முன் பிள்ளை பார்க்க வேண்டியவை: அலவன்ஸ் எத்தனை வெள்ளி, எந்தத் தேதியில், மையத்துக்குப் போகும் நாளுக்கும் அது உண்டா, போக்குவரத்துச் செலவு யாருடையது, ஓவர்டைம் வேலை உண்டா. முடித்த பிறகு இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தால், அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு பேரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அந்த வரியை நான் போடுவதில்லை. நல்ல சம்பளம் கொடுத்தால் பிள்ளை தானாக இருக்கும்.

18 வயது ஆகாதவர் என்றால் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். அந்த வயதுக்காரர்களுக்கு 1966ஆம் ஆண்டு சிறுவர், இளையோர் (வேலை) சட்டம் தனியாக இருக்கிறது. இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை பட்டறையில் வேலை வாங்கக்கூடாது. நடுராத்திரியில் தோட்டத்து லோரி பழுதாகி நிற்கிறது என்று போன் வந்தாலும் பையனைக் கூட்டிப்போகாதீர்கள்.

படி 4: பெர்கெசோ, இபிஎஃப்

"அலவன்ஸ்தானே, எதுக்கு சொக்சோ?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெர்கெசோவின் 1969ஆம் ஆண்டுச் சட்டமும் இபிஎஃப்பின் 1991ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளி என்பதற்குள் பயிலுநரையும் சேர்த்தே சொல்கின்றன. பையன் ஸ்பேனரைத் தொடும் முன் பதிவை முடியுங்கள். ஜாக் நழுவுவதற்கு முதல் நாள், கடைசி நாள் என்று கிடையாது.

10 பேருக்குக் குறையாமல் மலேசியத் தொழிலாளர்களை வைத்து, எச்ஆர்டி கோர்ப்புக்கு (மனிதவள மேம்பாட்டு நிறுவனம்) மாதம் 1 விழுக்காடு லெவி கட்டுகிறவர்கள், பயிற்சிச் செலவுக்கு மானியம் கேட்டுப் பார்க்கலாம். பயிற்சி தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 5: பதிவேடு

எஸ்கேஎம் மதிப்பீட்டில் கேட்பது ஆதாரம். ஆதாரம், பிள்ளை தான் செய்த வேலையை எழுதிவைக்கும் பதிவேட்டில்தான் இருக்கிறது. "இன்று கிளட்ச் மாற்றினேன்" என்று எழுதினால் ஒன்றுக்கும் உதவாது. எங்கள் பையன் எழுதியதில் ஒன்று:

"லோரி ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் சுற்றுகிறது, வேகம் வரவில்லை. கியர்பாக்ஸ் இறக்கினோம். கிளட்ச் பிளேட்டில் ரிவெட் தலை தெரிகிறது. ஃபிளைவீலில் சூட்டால் நீலக் கறை. பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் புதிது. பிளேட்டை நடுவில் நிறுத்தப் பழைய ஷாஃப்ட் வைத்தோம். போல்ட்டைக் குறுக்கு வரிசையில் இறுக்கினேன்."

இப்படி எழுதியிருந்தால் மதிப்பீட்டாளர் அந்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், பையனும் பதில் சொல்வான்.

கைப்பேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. கிரீஸ் கையோடு யாரும் திரையைத் தொடமாட்டார்கள். கெட்டி அட்டை நோட்டு ஒன்று, வாரக்கடைசியில் பயிற்றுநரின் கையெழுத்து, அவ்வளவுதான். படம் மட்டும் கைப்பேசியில் எடுத்து, தேதியோடு பட்டறைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு மையத்தில் "நோட்டை நாங்களே நிரப்பிக்கொள்கிறோம்" என்றார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பின்சேர்க்கை

படித்த சிலர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவரை எஸ்எல்டிஎன்னில் சேர்க்கலாமா? சேர்க்கலாம். பள்ளி முடித்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை.

செம்பனை ஆலைப் பட்டறையில் காலம் முழுக்க உழைத்தவர், கையில் ஒரு சான்றிதழும் இல்லை, அவர் மறுபடி பெராந்திஸாக உட்கார வேண்டுமா என்று ஒரு தங்கை தன் அப்பாவுக்காகக் கேட்டிருந்தார். வேண்டாம். அவருக்கு பிபிடி என்ற வழி இருக்கிறது, முந்தைய அனுபவத்தை அங்கீகரித்து எஸ்கேஎம் கொடுப்பது. செய்த வேலைக்கான ஆதாரங்களை ஒரு கோப்பாகத் திரட்டிக் கொடுக்க வேண்டும். நிர்வாகத்தின் வேலை உறுதிக் கடிதம், பழைய ஜாப் கார்டுகள், அவர் வேலை செய்யும் படங்கள் ஆகியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள் தங்கை. கடிதத்தைக் கிராணியிடம் (அலுவலக எழுத்தர்) கேட்கும்போது, அப்பா பார்த்த இயந்திரங்களின் பெயர்களையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.