கையால் சால்டரிங் செய்வதைக் குறைப்பது எப்படி?

ஒரு சர்க்யூட் போர்டில் 80 இணைப்புகள் இருந்தால், 50 போர்டு முடிக்க 4,000 முறை சால்டரிங் அயர்னை வைத்து எடுக்க வேண்டும். கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதில் மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். வேலையைக் குறைக்க வேண்டிய இடம் போர்டு டிசைன்.

படி 1: டிசைனைத் திருத்துங்கள்

போர்டின் படத்தை அச்செடுத்து, கையால் சால்டர் செய்யும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். துளையில் கால் நுழைக்கும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், எல்இடி எல்லாவற்றையும் எஸ்எம்டிக்கு, அதாவது துளையில்லாமல் போர்டின் மேலேயே ஒட்டும் பாகங்களுக்கு மாற்றுங்கள். புதியவர்களுக்கு 0805 அளவு போதும், 2 மி.மீ. நீளம் இருப்பதால் இடுக்கியில் எளிதாகப் பிடிக்கலாம். எல்லாப் பாகங்களும் ஒரே பக்கம் வரட்டும்.

புரோகிராம் ஏற்றுவதற்கென்றே ஒரு ஹெடர் (பின் வரிசை) இருக்கிறதா? அதை எடுத்துவிட்டு வெறும் பேட் (சால்டர் பிடிக்கும் உலோகப் பரப்பு) மட்டும் விடுங்கள். ஸ்பிரிங் வைத்த போகோ பின்னை அழுத்தியே புரோகிராம் ஏற்றிவிடலாம். சர்க்யூட் இடம் கொடுத்தால் 4.7கே, 10கே ரெசிஸ்டர் இரண்டுக்கும் பதிலாக ஒரே மதிப்பைப் போடுங்கள்.

படி 2: ஸ்டென்சிலில் பேஸ்ட் தடவுங்கள்

போர்டு ஆர்டர் செய்யும்போதே 0.12 மி.மீ. ஸ்டீல் ஸ்டென்சிலும் (பேட் வரும் இடங்களில் மட்டும் ஓட்டையுள்ள தகடு) வாங்கிவிடுங்கள். அதே தடிமனுள்ள பழைய போர்டுகளைச் சுற்றிலும் டேப் போட்டு ஒட்டினால் புதிய போர்டு நகராமல் உட்காரும். ஃபிரிட்ஜில் இருக்கும் சால்டர் பேஸ்ட்டை (சால்டர் துகள் கலந்த பசை) சில மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் வையுங்கள். குளிர்ச்சியோடு திறந்தால் ஈரம் படிந்து, சூடேற்றும்போது பேஸ்ட் குட்டிக் குட்டி உருண்டைகளாகத் தெறிக்கும். ஒரே இழுப்பில் தடவி, ஸ்டென்சிலை நேராக மேலே தூக்குங்கள். சரியாகப் பதியாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு மறுபடி தடவுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று மட்டும் விடாதீர்கள்.

படி 3: பாகங்களை வையுங்கள்

ஒரு மதிப்பை எல்லாப் போர்டுகளிலும் வைத்து முடித்த பிறகே அடுத்த மதிப்பு. லேசாகக் கோணினால் பரவாயில்லை, உருகிய சால்டரே இழுத்துச் சரிசெய்துவிடும். டையோடு, எல்இடி, ஐசி திசையில் மட்டும் கவனம்.

படி 4: சூடேற்றுங்கள்

ஈயம் கலந்த 63/37 பேஸ்ட் 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305-க்கு 217 முதல் 220 வரை வேண்டும். பிஸ்மத் கலந்தது 138-லேயே உருகிவிடும். ஆனால் அந்த இணைப்பு எளிதில் உடையும், சூடாகும் கருவிகளுக்கு ஆகாது. போர்டை மின்சார ஓவனில் வைத்து மெதுவாக 150-க்கு (பிஸ்மத் பேஸ்ட் என்றால் அதன் உருகுநிலைக்குக் கீழே) ஏற்றி, ஒரு நிமிடம் போல நிறுத்தி, அப்புறம் உருகுநிலைக்கு 25, 30 டிகிரி மேலே கொண்டுபோங்கள். ஓவன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்; வீணான போர்டில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒட்டி அளப்பதே சரி. அந்த ஓவனில் இனி சமைக்கக் கூடாது. புகை வெளியேற வழியும் வேண்டும்.

படி 5: மிச்சமிருப்பவை

துளைவழிக் கனெக்டர்களுக்கு, துளையின் மேலும் பேஸ்ட் தடவிக் காலை நுழைத்தால் மற்றவற்றோடு சேர்ந்தே உருகிப் பிடித்துக்கொள்ளும். அதன் பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்குமா என்று டேட்டாஷீட்டில் முதலில் பாருங்கள். தாங்காததை மட்டும் கடைசியில் கையால் செய்யுங்கள்.

முதல் போர்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள். எல்லாப் போர்டிலும் ஒரே ஐசி காலில் ஷார்ட் விழுந்தால் பேஸ்ட் அதிகமாகிறது என்று அர்த்தம். அடுத்த ஸ்டென்சிலில் அந்த ஓட்டையைச் சற்றுச் சிறிதாக்குங்கள்.