அலாரம் வச்சு கனவு பிடிக்கறது எப்படி: மேரி கால்கின்ஸ் காட்டின வழி

எனக்கெல்லாம் கனவே வராதுப்பான்னு சொல்ற கூட்டத்துல ரொம்ப வருஷம் நானும் ஒருத்தன். அப்புறம்தான் மேரி விட்டன் கால்கின்ஸ் பத்தி படிச்சேன். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் வெல்லஸ்லி காலேஜ்ல பாடம் எடுத்தவங்க, அங்க சைக்காலஜி லேப் ஆரம்பிச்சதும் அவங்கதான். 1893-ல கனவுகளோட புள்ளிவிவரத்த வச்சு ஒரு கட்டுரை போட்டாங்க. அவங்களும் இன்னொரு ஆம்பளையும், ரெண்டே ரெண்டு பேரு, ராத்திரில அலாரம் வச்சு எந்திரிச்சு எந்திரிச்சு கனவ எழுதியிருக்காங்க. அவங்க 55 ராத்திரில 205 கனவு, அவரு 46 ராத்திரில 170, மொத்தம் 375. வகுத்து பாத்தீங்கன்னா ஒரு ராத்திரிக்கு கிட்டத்தட்ட நாலு வருது. அப்ப நமக்கும் வந்துட்டுதான் இருக்கு, காலைல பல் தேய்க்கறதுக்குள்ள காணாம போயிடுது, அவ்ளோதான் விஷயம்.

இதுல நல்லது என்னன்னா அவங்க பண்ணதுக்கு மெஷினே கிடையாது. ஒரு அலாரம் கடிகாரம், பேப்பர், பென்சில், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. இத நம்ம வீட்லயே அப்படியே பண்ணலாம், நான் ஆறு வாரம் பண்ணேன், என் அனுபவத்தையும் சேத்து சொல்றேன். ஆனா முதல்லயே ஒண்ணு. தூக்கமே சரியா வராதவங்க, வலிப்பு மாதிரி பிரச்சனை இருக்கவங்க, மறுநாள் காலைல லாரியோ காரோ ஓட்ட வேண்டியவங்க இத தொடவே வேணாம். மத்தவங்களும் வாரத்துக்கு ரெண்டு ராத்திரி, மறுநாள் லீவா பாத்து வச்சுக்கோங்க.

அலாரம் எத்தன மணிக்கு வைக்கறதுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. கால்கின்ஸ் ராத்திரியோட வேற வேற நேரத்துக்கு மாத்தி மாத்தி வச்சாங்க, ஏன்னா எந்த நேரத்துல கனவு வரும்னு அப்ப யாருக்கும் தெரியாது. நமக்கு தெரியும், அதுக்கு காரணம் சிகாகோ யுனிவர்சிட்டி. அங்க நத்தானியேல் கிளைட்மன்னு ஒரு பேராசிரியர், தூக்க ஆராய்ச்சிக்காக 1938-ல கென்டக்கில மாமத் குகைக்குள்ள 32 நாள் போய் குடியிருந்த ஆளு, ஒரு நாளைக்கு 28 மணி நேரம்னு வச்சு உடம்பு பழகுதான்னு பாத்தாரு, கூட போன இளவயசு மாணவருக்கு பழகிடுச்சு இவருக்கு பழகல. அவர்கிட்ட படிச்ச யூஜின் அசெரின்ஸ்கி 1951 கடைசில ஒரு பழைய மெஷின தட்டி ஒட்டி ரெடி பண்ணி தன்னோட எட்டு வயசு பையன் தலைலயே ஒயர ஒட்டி தூங்க வச்சாரு. பையன் அசந்து தூங்கறான், ஆனா கண்ணு மட்டும் மூடின இமைக்குள்ள வேகமா அங்கயும் இங்கயும் ஓடுது. மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு முதல்ல நினைச்சாராம். 1953-ல அது பேப்பரா வந்துச்சு, இன்னைக்கு ரெம் தூக்கம்னு சொல்றது அதத்தான்.

அடுத்து அதே லேப்ல இருந்த வில்லியம் டிமென்ட், கிளைட்மனோட சேந்து 1957-ல கணக்கா எண்ணியே காட்டினாரு. கண்ணு ஓடும்போது 191 தடவ எழுப்பினதுல 152 தடவ கனவு சொன்னாங்க, கண்ணு ஓடாதப்ப 160 தடவ எழுப்பினதுல 11 தடவதான். இந்த கண்ணு ஓடற கட்டம் சுமாரா 90 நிமிஷத்துக்கு ஒரு தடவ வரும், முதல்ல கொஞ்ச நேரம், விடிய விடிய நீளமாகும். அதனால நம்ம கணக்கு சிம்பிள். தூங்கினதுல இருந்து நாலரை மணி நேரம், ஆறு மணி நேரம், ஏழரை மணி நேரம். பதினொண்ணுக்கு தூங்கினா மூணரை, அஞ்சு, ஆறரை. இதுல ஒரு ராத்திரிக்கு ஒண்ணே ஒண்ணு எடுங்க, மூணையும் வச்சீங்கன்னா மறுநாள் நீங்க ஆளே இல்ல. எனக்கு அஞ்சு மணிதான் நல்லா மாட்டுச்சு. 90-ங்கறது ஆளாளுக்கு கூட குறைய இருக்கும், ரெண்டு ராத்திரி வெறும் கையா போச்சுன்னா இருபது நிமிஷம் முன்ன பின்ன நகத்தி பாருங்க.

பக்கத்துல படுக்கற ஆள் சீக்கிரம் முழிச்சுக்கற ரகமா இருந்தா இன்னும் ஈஸி. விடியக்காலைல உங்க இமைய லேசான வெளிச்சத்துல பாக்க சொல்லுங்க, உள்ள ஒரு உருண்டை ஓடற மாதிரி நல்லாவே தெரியும், ஓட ஆரம்பிச்சு அஞ்சு பத்து நிமிஷம் விட்டு எழுப்ப சொல்லுங்க. எங்க வீட்ல ஒரே ஒரு நாள் பண்ணாங்க, அடுத்த நாள் உங்க கண்ணு இமைய பாத்துட்டு உக்காரத்தான் எனக்கு வேலையான்னு கேட்டுட்டாங்க, அதுக்கப்புறம் அலாரம்தான். அதுவும் கையில கட்டற வாட்ச்ல வைப்ரேஷன் வைங்க, மணி அடிச்சா வீடே எந்திரிக்கும்.

சாயங்காலத்துக்கு மேல காபி டீ வேணாம், சரக்கு சுத்தமா வேணாம். டிமென்டும் தன்கிட்ட சோதனைக்கு வந்து தூங்கின ஆளுங்கள அன்னைக்கு ரெண்டையும் தொடாம வர சொன்னாரு. சரக்கு போட்டா ராத்திரியோட முதல் பாதில ரெம் அமுங்கிடும், கணக்கெல்லாம் தப்பும்.

இப்ப முக்கியமான இடம், முழிப்பு வந்த முதல் ஒரு நிமிஷம். அசையாதீங்க. கண்ண திறக்காதீங்க, புரளாதீங்க, மணி பாக்காதீங்க. கால்கின்ஸ் இத அப்பவே எழுதியிருக்காங்க, பேப்பர் பென்சிலுக்கு கைய நீட்டற சின்ன அசைவுலயே, மெழுகுவர்த்தி ஏத்தறதுலயே கனவு கலைஞ்சு போயிடும், ஏதோ நல்ல கனவு கண்டோம்ங்கற நினைப்பு மட்டும் மிஞ்சும்னு. அதுதான் எனக்கும் முதல் வாரம் பூரா நடந்துச்சு, மெழுகுவர்த்திக்கு பதிலா மொபைல் ஸ்கிரீன், அந்த வெளிச்சம் மூஞ்சில அடிச்ச உடனே கனவு போச்சு, போதாததுக்கு நாலு வாட்ஸ்அப் மெசேஜ் வேற. அதனால மொபைல தூர வைங்க. அசையாம படுத்தே கடைசி சீன பிடிங்க, அதுக்கு முன்னாடி எங்க இருந்தோம், அதுக்கு முன்னாடி யாரு இருந்தான்னு பின்னாடி பின்னாடி போங்க, ஒரு தடவ மனசுக்குள்ள ஓட்டிட்டு அப்புறம் கைய நீட்டுங்க.

உங்கள நீங்களே கேக்கற கேள்வியும் முக்கியம். கனவு வந்துச்சான்னு கேட்டா மனசு இல்லன்னு சொல்லிட்டு திரும்பி படுத்துக்கும். டேவிட் ஃபோக்ஸ்னு ஒருத்தர் 1962-ல கேள்விய மாத்தினாரு, இப்ப மனசுல என்ன ஓடிட்டு இருந்துச்சுன்னு, உடனே கண்ணு ஓடாத தூக்கத்துல இருந்து எழுப்பினவங்க கூட ஏதாவது சொல்ல ஆரம்பிச்சாங்க. கனவுன்னா ரெம் மட்டும்தான்னு இருந்த நம்பிக்கை அங்க ஆட்டம் கண்டுச்சு. நீங்களும் அப்படியே கேளுங்க, கதையா இல்லாம வெறும் ஒரு வார்த்தையோ ஒரு கவலையோ வந்தாலும் அதையும் எழுதுங்க.

எழுதறது பெரிய நோட்டு, தடிமனா எழுதற பேனா. வெளிச்சம் வேணும்னா கால் பக்கம் ஒரு மங்கலான நைட் லேம்ப் போதும். நான் குறுக்கு வழின்னு நினைச்சு ஒரு நாள் "பச்சை பஸ், சாவி, சித்தப்பா சிரிக்கறாரு" அப்படின்னு மூணே மூணு விஷயம் கிறுக்கிட்டு படுத்தேன், காலைல பாத்தா சித்தப்பா எதுக்கு சிரிச்சாருன்னு எனக்கே தெரியல. முழு வாக்கியமா எழுதுங்க, நிகழ்காலத்துல எழுதினா நல்லா வருது. வாய்ஸ் ரெக்கார்டரும் ஓகேதான், டிமென்டோட ஆளுங்க படுக்கை பக்கத்துல மணி அடிச்ச உடனே ரெக்கார்டர்லதான் பேசினாங்க, ஆனா நான் பேசினத காலைல கேட்டா வெறும் முனகல், உங்களுக்கு எப்படியோ. விட்டுப்போன இடத்த ஜோடிக்க மட்டும் கூடாது, தெரியலன்னா கோடு போட்டு விடுங்க. தூங்கின நேரம், முழிச்ச நேரம், தேதி, இது மூணும் மேல இருக்கணும்.

காலைல காபியோட உக்காந்து ரெண்டாவது வேலை. கனவுல வந்த ஒவ்வொரு ஆள், இடம், பொருள் பக்கத்துலயும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதுங்க. நேத்து பாத்ததா, போன வாரமா, சின்ன வயசா, சுத்தமா தெரியலயா. கால்கின்ஸோட வேலைல என் கண்ணுக்கு பெரிய விஷயம் இதுதான். அவங்க பாத்ததுல முழிச்சிருக்கற வாழ்க்கையோட தொடர்பே தெரியாத கனவு சுமார் 11 சதவீதம்தான், மத்ததெல்லாம் தெரிஞ்ச மூஞ்சி, தெரிஞ்ச இடம், சமீபத்து விஷயம். சில வருஷம் கழிச்சு மனோதத்துவ டாக்டர் ஃபிராய்டு கனவு புத்தகம் எழுதினப்ப இந்த கணக்க எடுத்து காட்டினாரு. ஆனா ஹார்வர்டுல டாக்டர் பட்டத்துக்கான எல்லா வேலையும் முடிச்ச கால்கின்ஸுக்கு பொம்பளைங்கற ஒரே காரணத்துக்காக பட்டம் தரல, கடைசி வரைக்கும் தரல. அதே அம்மா 1905-ல அமெரிக்க சைக்காலஜி சங்கத்துக்கு முதல் பெண் தலைவர்.

பலன் பாக்கற வேலைய இப்ப ஆரம்பிக்காதீங்க. பாம்பு வந்துச்சு பல்லு விழுந்துச்சுன்னு அம்மாகிட்ட சொன்னா அவங்க ஒரு அர்த்தம் சொல்வாங்க, அது தெரிஞ்சதும் அடுத்த கனவ எழுதும்போது கை தானா அந்த பக்கம் சாயும். எழுதி முடிக்கற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க.

ஆறு வாரம் கழிச்சு நோட்ட எடுத்து எண்ணுங்க. எத்தன தடவ எழுந்தீங்க, எத்தன தடவ ஏதாவது கிடைச்சுது, எந்த மணிக்கு அதிகம், பாத்தது எத்தன கேட்டது எத்தன, வாசனை ருசி எத்தன. எனக்கு 12 அலாரம், ஒன்பது கனவு, அதுல ஒண்ணே ஒண்ணுலதான் வாசனை, அதுவும் பக்கத்து வீட்ல நிஜமாவே மீன் வறுத்துட்டு இருந்தாங்க. எண்ணி முடிச்சதும் அலாரத்த எடுத்துடுங்க, ஒரு மாசமாவது நிம்மதியா தூங்குங்க.