முகாமிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு: எதில் தொடங்குவது?

ஐநா அகதிகள் ஆணையம் பரிந்துரைத்து ஒரு நாடு ஏற்றுக்கொள்வது மீள்குடியேற்றம். ஆண்டுதோறும் உலக அகதிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அது வாய்க்கிறது. மேல்மொணவூரிலோ குடியாத்தத்திலோ உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் இருந்துகொண்டு அதற்காகக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழிலையும் படிப்பையும் வைத்துப் போகும் வழி தனி.

1. பாஸ்போர்ட். சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் எடுக்க வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகள் முதலில் அங்கே பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும். நாடற்றவர்களாக இருக்கும் மலையகக் குடும்பங்களின் நிலை வேறு. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

2. பெயர். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மார்க் ஷீட்டில் 'கே. தர்ஷினி', பாஸ்போர்ட்டில் 'கனகராஜா தர்ஷினி', முகாம் பதிவில் 'தர்சினி' என்று இருந்தால், விசா அதிகாரிக்கு அது மூன்று பேர். எல்லாத் தாள்களையும் பாயில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். மீதிக்கு நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம்.

3. வேலை வழி. 'டேலண்ட் பியாண்ட் பவுண்டரீஸ்' என்ற அமைப்பு அகதிகளின் திறமையைப் பதிந்து வெளிநாட்டு முதலாளிகளிடம் காட்டுகிறது. பதிவு இலவசம். கனடா 2018-ல் இதற்கென ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கனடா குடிவரவுத் துறை இணையதளத்தில் பாருங்கள்.

'ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் வேலை' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. எந்த மெஷின், ஒரு ஷிப்டில் எத்தனை ஜோடி அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைப்பீர்கள், பழுது பார்க்கத் தெரியுமா என்று எழுதுங்கள். நர்ஸ் என்றால் எந்த வார்டு, எத்தனை படுக்கை. கம்பெனி லெட்டர்பேடில் அனுபவச் சான்று வாங்குங்கள். கான்ட்ராக்டில் இருந்தால் பிஎஃப் கணக்கு விவரமாவது வேண்டும்.

4. படிப்பு வழி. 1978 முதல் அகதி மாணவர்களை அழைக்கும் கனடாவின் 'வஸ்க்' திட்டம் ஆப்பிரிக்க, மேற்காசிய நாடுகளில் இருப்பவர்களுக்கானது. நாம் பல்கலைக்கழக உதவித்தொகைக்கு நேரடியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

5. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு. மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். இப்போதே படியுங்கள், காசு கட்டித் தேர்வு எழுதுவதை வாய்ப்பு நெருங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

6. இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி. விசா கிடைத்தாலும் இது இல்லாமல் விமானம் ஏற முடியாது. விசா வேலை தொடங்கியதுமே முகாம் தாசில்தாரிடம் பேசிவிடுங்கள்.

இடையில் 'ஆஸ்திரேலியாவுக்குப் படகு' என்று எவனாவது வந்தால் காசு கொடுக்காதீர்கள். விசா இல்லாமல் படகில் வருபவர்களை 2013 முதல் அந்த நாடு குடியமர்த்துவதில்லை.