பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரிக்கிறீர்களா? இரும்பை எடுங்கள், கெபாசிட்டரை விடுங்கள்

ஓடாத ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் விலைபோகும் சமாச்சாரம் டிரான்ஸ்பார்மர், ஹீட்சிங்க், பெட்டி, ஸ்பீக்கர் ஆகிய நான்குதான். போர்டில் இருக்கும் பொடிப் பொருட்களைக் கழற்ற உட்கார்ந்தால் நேரம்தான் போகும். இங்கே செய்யப்போவது, பழைய டிரான்ஸ்பார்மரையும் ஸ்பீக்கரையும் வைத்து, டிபிஏ3116 ஐசி உள்ள ஒரு சின்ன கிளாஸ்-டி (அதிகம் சூடாகாத வகை) ஆம்ப்ளிஃபயர் போர்டை ஓட்டுவது.

முதலில் கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கியபின் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர் ஒவ்வொன்றின் இரு கால்களுக்கும் குறுக்கே 220 ஓம், 10 வாட் ரெசிஸ்டரைப் பிடியுங்கள். 10,000 மைக்ரோஃபாரட் என்றாலும் பன்னிரண்டு விநாடியில் காலியாகிவிடும். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்தால்தான் கை வைக்கலாம். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி அளந்தால் கொஞ்சம் வோல்டேஜ் ஏறியிருப்பது தெரியும், அது கெபாசிட்டரின் இயல்பு. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுனி உருகித் தெறிக்கும், கண் எதிரேதான் இருக்கிறது.

அடுத்து டிரான்ஸ்பார்மர். ஒயர்களை வெட்டும்போது நீளமாக விட்டு வெட்டுங்கள், எந்த நிறம் எங்கே போனது என்று போட்டோ எடுத்து வையுங்கள். ஓம் அளவு அதிகமாகக் காட்டும் ஜோடி பிரைமரி, அதாவது மெயின்ஸ் பக்கம். வோல்டேஜ் குறைந்து வெளிவரும் செகண்டரியில் ஓரிரு ஓம்தான் வரும், பல நேரம் அதைவிடக் குறைவு. நேரடியாக மெயின்ஸில் செருகாமல் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுச் சோதியுங்கள் (எல்இடி பல்பு இதற்கு உதவாது). பல்பு ஒரு முறை மின்னி அணைந்தாலோ, இலேசாகச் சிவந்தாலோ டிரான்ஸ்பார்மர் நலம். பளிச்சென்று எரிந்தபடி நின்றால் உள்ளே சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன, தூக்கிப் போடுங்கள்.

வட்ட வடிவ டொராய்டு என்றால் நடுவே போகும் போல்ட்டின் இரு முனையும் உலோகப் பெட்டியைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த போல்ட்டும் பெட்டியும் சேர்ந்தே ஒரு ஷார்ட் சுற்றாகிவிடும். மூடியை மாட்டியதும் ஃபியூஸ் போகிறதா? காரணம் பெரும்பாலும் இதுதான்.

செகண்டரி 12-0-12 என்று வைத்துக்கொள்வோம், அதாவது நடு ஒயரிலிருந்து இரு முனைக்கும் தலா 12 வோல்ட் ஏசி. அவசரப்பட்டால் சறுக்கும் இடம் இதுதான். இரு முனைகளையும் பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) கொடுத்து, பிளஸ் மைனஸிலிருந்து டிசி எடுத்தால் 24 × 1.414, அதாவது 32 வோல்ட்டுக்கு மேல் வரும். போர்டு தாங்குவது 26 வோல்ட். அந்த நொடியே புகைதான். பிரிட்ஜின் மைனஸுக்குப் பதில் நடு ஒயரை மைனஸாக எடுத்தால் 12 × 1.414 கழித்தல் 0.7, அதாவது சுமார் 16 வோல்ட். லோடு இல்லாதபோது இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம். அதே கணக்கில் 18-0-18 டிரான்ஸ்பார்மர் லோடில் 24.7 வோல்ட் தந்தாலும் லோடு இல்லாதபோது 27-ஐத் தொட்டுவிடும். இந்த போர்டுக்கு அது வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரில் இருந்த பிரிட்ஜையே போடலாம். இரு முனைகளும் அலைக்குறி (~) போட்ட கால்களுக்கு, பிரிட்ஜின் பிளஸ் கெபாசிட்டரின் பிளஸுக்கு, நடு ஒயர் கெபாசிட்டரின் மைனஸுக்கு. பிரிட்ஜின் மைனஸ் கால் எதிலும் சேராமல் சும்மா இருக்கட்டும். பழக்கதோஷத்தில் அதையும் நடு ஒயரோடு சேர்த்தால் செகண்டரிச் சுருளே டயோடு வழியாக ஷார்ட் ஆகும். பிரைமரி பக்கத்துப் பழைய ஃபியூஸும் பெட்டியின் எர்த் ஒயரும் அப்படியே இருக்க வேண்டும்.

கெபாசிட்டர் மட்டும் புதிதாக வாங்குங்கள், 35 வோல்ட் ரகம். முப்பது வருடம் பழைய எலக்ட்ரோலிட்டிக் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் போர்டு 2 ஆம்பியர் இழுத்தால் 4700 மைக்ரோஃபாரட்டில் வோல்டேஜ் 4 வோல்ட் வரை ஏறி இறங்கும். 10,000 போட்டால் அது 2 ஆகும். பெரியதையே போடுங்கள்.

ஸ்பீக்கரில் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்து வளையம். ஃபோம் என்றால் விரல் பட்டாலே உதிரும், அதற்குப் புது வளையம் ஒட்டலாம். துணியோ ரப்பரோ நன்றாகவே இருக்கும். கோனை இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே கம்பிச் சுருள் தேய்கிறது, விட்டுவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 முதல் 7 வரை காட்டும், அது கோளாறு அல்ல. பிளஸ் மைனஸ் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள்: கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் பட்ட முனைதான் பிளஸ்.

இந்த வகை போர்டில் ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர் கிரவுண்ட் அல்ல, இரு முனையிலும் சிக்னல் ஓடுகிறது. இடது வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்குவதோ பெட்டியில் சேர்ப்பதோ கூடாது. பழைய ஹெட்ஃபோன் ஜாக்கில் இரண்டு மைனஸும் ஒன்றுதான், ஆகவே அதை இந்த போர்டோடு இணைக்காதீர்கள்.

வால்யூம் கன்ட்ரோலை நடுவில் வைத்து இடது காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 50 கிலோஓமில் 5 முதல் 8 கிலோஓம் வந்தால் லாக் (லாகரிதமிக்) வகை, அதுதான் வால்யூமுக்கு ஏற்றது. 25 வந்தால் லீனியர், அதாவது சீராக ஏறும் வகை. கொஞ்சம் திருப்பியதுமே சத்தம் எகிறும், டோனுக்கோ பேலன்ஸுக்கோ வைத்துக்கொள்ளுங்கள். கரகரத்தால் உள்ளே கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை இப்படியும் அப்படியும் திருப்புங்கள்.