மீத்திறன் பிள்ளைகள்: நான் செய்த தவறுகளையும் சேர்த்து

சிங்கப்பூரில் துணைப்பாட ஆசிரியராக இருபது வருடம் ஓட்டிவிட்டேன். மீத்திறன், அதாவது வயதுக்கு மிஞ்சிய திறன் உள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்காகத் தொடக்கநிலை 3 (மூன்றாம் வகுப்பு) பிள்ளையோடு பெற்றோர் வந்து உட்கார்ந்ததுமே, என்ன தவறு செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். புதிதாக வரும் இளம் ஆசிரியர்களும் அதையேதான் செய்கிறார்கள். கோபப்பட முடியவில்லை, எல்லாம் நான் செய்தவை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், நன்றாகத் தூங்க விடுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

எல்லாரும் ஒரே அளவு என்று நினைப்பது

நுண்ணறிவு ஈவு (IQ) 130ஐத் தாண்டுபவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேர். 145ஐத் தாண்டுபவர் 700, 750 பேரில் ஒருவர். 160 என்றால் ஏறக்குறைய முப்பதாயிரத்தில் ஒருவர். சராசரியான 100இலிருந்து 130 எவ்வளவு தூரமோ, அங்கிருந்து 160உம் அவ்வளவு தூரம். ஆனால் 130க்கும் 160க்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: மீத்திறன்.

1984இல் தொடங்கிய மீத்திறன் கல்வித் திட்டம், தேர்வில் தேறிய பிள்ளைகளைத் தொடக்கநிலை 4 முதல் சில குறிப்பிட்ட பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைப்பது. அது பாடத்தை அகலமாகவும் ஆழமாகவும் நடத்தும், வேகமாக ஓட விடாது. அதில் படிப்பவர்களும் மற்றவர்களைப் போலத் தொடக்கநிலை 6இல்தான் இறுதித் தேர்வு எழுதுவார்கள். 130 என்ற முதல் படியில் இருக்கும் பிள்ளைக்கு இது கச்சிதம். என்னிடம் ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயதில் இரண்டு சமன்பாடுகளை மனத்திலேயே தீர்ப்பாள். திட்டத்துக்குள் போன பிறகும் கணக்கு வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு பாடத்தில் மட்டும் மேல் வகுப்பு, வகுப்பு தாண்டுதல், தனி வழிகாட்டி என்று கல்வி அமைச்சில் வேறு வழிகள் உண்டு. கேட்கத்தான் ஆளில்லை.

பயிற்சி கொடுத்து உள்ளே தள்ளுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும், முதலில் என் மீதே.

தேர்வு அப்போது இரண்டு கட்டம்: ஆகஸ்டில் ஆங்கிலமும் கணக்கும், தேறியவர்களுக்கு அக்டோபரில் பொதுத் திறனும் சேர்த்து. ஒரு பையனுக்கு எட்டு மாதம் உட்கார்ந்து வடிவப் புதிர்களை வகை பிரித்துக் கொடுத்தேன். திருப்பினால் இப்படி, கவிழ்த்தால் அப்படி, கறுப்பு வெள்ளையானால் மூன்றாவது விடை. கெட்டிக்காரப் பையன், பிடித்துக்கொண்டான். தேர்வானான். அவன் அம்மா கேசரி கொண்டு வந்து கொடுத்தார்.

தொடக்கநிலை 4இல் ஆய்வுப் பணி வந்தது. கேள்வியைப் பிள்ளையே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். என் மேசையில் வெற்றுத் தாளை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் இருந்தான். ஓரத்தில் ஒரு கட்டம் போட்டான், அழித்தான். அப்புறம் மெதுவாக, "சார், இதுக்கு மாடல் ஆன்சர் இருக்கா?" என்றான்.

அந்தக் கேள்வியை அவனுக்குள் வைத்தது நான். பழைய பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன், புதிய வகுப்பில் மதிப்பெண் தாளை மடித்துப் பைக்குள் திணிக்கத் தொடங்கினான். பொழுதுபோக்காகத் தானே புதிர் வரைந்து என்னிடம் நீட்டுவான், அதுவும் நின்றுபோனது. பெற்றோருக்குப் பணம் போனது, சரி. அவனுக்குப் போனதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தேர்வு என்பது காலணிக்கு அளவெடுப்பது போல. தடித்த காலுறை போட்டுக்கொண்டு அளவு கொடுத்தால் கடையில் பெரிய செருப்புதான் கிடைக்கும். மாதிரித் தாள் ஒன்றிரண்டு பார்த்துப் பதற்றம் போக்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

பாடவாரியாகப் பாருங்கள்.

போன வருடக் கதையைக் கேட்டு ஓடுவது

2024 ஆகஸ்டில் பிரதமர் லாரன்ஸ் வோங் தேசிய தினப் பேரணியில் இந்தத் திட்டத்தில் மாற்றத்தை அறிவித்தார். அந்த வருடம் தொடக்கநிலை 1இல் சேர்ந்தவர்களிலிருந்து, அதாவது அவர்கள் தொடக்கநிலை 4க்கு வரும் 2027 முதல், எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் உயர்திறன் பிள்ளைகளுக்கு ஏற்பாடு இருக்கும். முன்பு போலத் திட்டத்துக்கென்று இருந்த ஒன்பது பள்ளிகளில் ஒன்றுக்கு மாறியாக வேண்டும் என்ற அவசியமில்லை. ஒரு பாடத்தில் மட்டும் மேலே நிற்கும் பிள்ளைக்கு இது நல்ல செய்தி. மூத்த பிள்ளைக்கு வாங்கிய பயிற்சிப் புத்தகங்களை இளையவனுக்குத் தூசி தட்ட வேண்டாம்.

தேர்வுக்கு முந்தின வாரம் எனக்குப் போன் செய்வது

எடுக்க மாட்டேன்.